அலுமாரிக்குப் பின்னால் ஒரு பிளக்

கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில் போய்க் குடியிருப்பது எங்கள் ஆட்களிடையே புதினமான காரியமல்ல. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார், அவ்வளவுதான். கணினி திருத்தும் நான் உடுப்புப் பெட்டியோடு கரண்ட் அளக்கும் இரண்டு மீட்டர்களையும் ஈயம் பற்றவைக்கும் சாமான்களையும் ஏழு பழைய மொனிட்டர்களையும் கொண்டுவந்து இறக்கினேன். குண்டசாலையில் இருந்த அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. என் பெட்டிகளுக்கு மட்டும் இல்லை.

மாமி, அதாவது மனைவியின் உம்மா, இரண்டு நாள் யோசித்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பரும் உடைந்த கதிரைகளும் கிடந்த மூலையைக் காலி செய்து, பலகை அடித்து, ஒரு கதவும் வைத்துத் தந்தார். "மகன், இது ஒங்கட ஒஃபீஸ்" என்றார். கிண்டலா அன்பா என்று அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் கிண்டல் என்றே எடுத்துக்கொள்ளும் குணம் எனக்கு அப்போது இருந்தது. வீட்டோடு இருக்கும் மருமகனுக்கு ரோசம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்த அறையில் கதவோரம் மட்டும்தான் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கிவரும், கடைசியில் முழங்காலில் நிற்க வேண்டும். ஜன்னல் இல்லை. ஒரே கதவு, அதுவும் நேராக ஹோலுக்குள் திறக்கும். கரண்ட் எடுக்கும் இடமும் உள்ளே இல்லை. அது ஹோலில், மாமியின் கலியாணத்துக்கு வந்த பெரிய மர அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. பலகையில் ஓட்டை போட்டு வயரை அந்தப் பக்கம் விட்டு, அங்கே செருகியிருந்தேன். பிளக்கைக் கழற்ற வேண்டுமென்றால் நான் ஹோலுக்குப் போய், அலுமாரியோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு, சுவருக்கும் அலுமாரிக்கும் நடுவே உள்ள இடுக்கில் கையை விட வேண்டும். என் கை பருமன். கைக்கடிகாரத்தைக் கழற்றி, மூச்சைப் பிடித்து, முழங்கையில் தோல் உரிய உரிய விட்டால்தான் எட்டும். அலுமாரியை ஓர் அடி நகர்த்தலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்க மனம் வரவில்லை. அது மாமியின் அலுமாரி, மாமியின் சுவர்.

தொழிலில் நான் கவனம் இல்லாதவன் அல்ல. கணினியின் பவர் சப்ளையையும் பழைய தடித்த மொனிட்டரையும் திறக்கிறவன் கவனமில்லாமல் இருந்தால் நெடுநாள் திறக்க மாட்டான். கரண்டை நிறுத்திய பிறகும் அந்தப் பெட்டிகளுக்குள் கரண்ட் தங்கியிருக்கும். பெருவிரல் தடிப்பில் நிற்கும் கெப்பாசிட்டருக்குள் ஆளைத் தூக்கி எறிகிற அளவு கிடக்கும். அதன் கால்களில் நூறு வாட்ஸ் பல்ப் ஒன்றை இரண்டு வயரால் தொடுத்தால், பல்ப் ஒரு தரம் பளிச்சென்று எரிந்து அணையும். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோவேன். மொனிட்டரின் கண்ணாடிக் குழாய் அதைவிட மோசம். நீண்ட ஸ்க்ரூ டிரைவருக்கு வயர் கட்டி, ரப்பர் மூடிக்குக் கீழே விட்டு, அது 'டிக்' என்று சத்தம் போட்டு அடங்கும்வரை காத்திருப்பேன். அளக்கும்போது ஒரு கை வேலையில், மறு கை சட்டைப் பைக்குள். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் ஒன்றில் ஏறி நெஞ்சைக் கடந்து மற்றதில் இறங்கும். இதையெல்லாம் நான் நித்திரையிலும் சொல்வேன்.

மாமிக்கு இடி என்றால் உயிர் போய்விடும். முன்பொரு தரம் பக்கத்து வீட்டில் இடி விழுந்து டீவி வெடித்ததாம். ஏப்ரல் மாதத்துப் பின்னேரங்களில் மலைப்பக்கம் உறுமத் தொடங்கினாலே போதும், நிலைக்கண்ணாடிக்குத் துணியைப் போர்த்துவார், வாசல் கதவோரம் இருக்கும் மெயின் சுவிட்ச்சை இறக்குவார். இடி அடங்கிய பிறகு அவரே போய் ஏற்றுவார். எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம்.

முதலில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பிறகு அதில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். மெயின் இறங்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு வீட்டில் கரண்ட் இல்லை. அலுமாரி இடுக்கில் கையை உரசிக்கொள்ளத் தேவையில்லை. அந்த நேரத்தில் பெட்டிகளின் உள்வேலையைச் செய்து முடித்துவிடுவேன். இப்படிச் செய்கிறேன் என்று மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் மாமியின் பயத்துக்கு நான் கடன்பட்டவன்போல் ஆகிவிடும் என்று நினைத்தேன். எவ்வளவு அற்பமான நினைப்பு என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

அன்று வியாழக்கிழமை. பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய மொனிட்டர் ஒன்று வந்திருந்தது. ஏதோ வெட்டும் இயந்திரத்துக்கு உரியதாம், புதிய மெல்லிய மொனிட்டர் அதற்கு ஒத்துவராதாம். வயரும் கழற்ற முடியாதபடி உடம்போடு சேர்ந்தது. அதைப் பலகை ஓட்டை வழியாக விட்டு, காலையிலேயே அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமைகளில் ஒழுங்கைப் பெண்கள் ஓதுவதற்காக எங்கள் ஹோலில் கூடுவார்கள். வழக்கமாக அதற்கு முன்பே நான் வெளியே போய்விடுவேன். அன்று பெட்டிக்குள் தலையை விட்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்து கேட்டபோது ஹோல் நிறையப் பெண்களின் குரல். கதவைத் திறந்தால் அவர்கள் மத்தியில்தான் போய் நிற்க வேண்டும். வாசற்பக்கம் இருக்கிறவர்கள் பாயைச் சுருட்டி, முந்தானையை இழுத்து, பிள்ளைகளைத் தூக்கி, எனக்கு வழிவிட வேண்டும். மாப்பிள்ளை அப்படி வந்து நின்றார் என்று ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள். கதவில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

பசித்தது. சலம் வேறு முட்டியது. வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டியது. பலகைக்கு அந்தப் பக்கம் பதினைந்து பேர் நிம்மதியாக ஓதிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் நான் முழங்காலில் நின்றேன். கண்டித் தெருக்களில் சொந்தமாகக் கடை போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், படிக்கட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறேன். என்மேல் எனக்கே கோபம் வந்தது. கோபத்தோடு பெட்டியைத் திறக்கக் கூடாது.

மொனிட்டரைப் போட்டபடியே மீட்டரால் அளந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் இடி முழங்கியது. சற்று நேரத்தில் மீட்டர் பூச்சியத்துக்கு வந்தது, மேலே இருந்த பல்ப் அணைந்தது. மாமி மெயினை இறக்கிவிட்டார். ஹோலில் ஓதல் நிற்கவில்லை, மனப்பாடமாகத் தொடர்ந்தது. நான் வாயில் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு, குழாயின் கரண்டை இறக்கினேன். கெப்பாசிட்டருக்குப் பல்பைப் பிடித்தேன், எரிந்து அணைந்தது. எல்லாம் முறைப்படி. பிளக் மட்டும் சுவரில் இருந்தது. அதைக் கழற்றப் போவதென்றால் கதவைத் திறக்க வேண்டும்.

பின்பக்கத் தகரக் கூரையில் மழை கொட்டியது. அந்த இரைச்சலில் ஓதல் முடிந்ததும், பெண்கள் குடையை விரித்துக்கொண்டு கலைந்ததும் எனக்குக் கேட்கவில்லை. அன்றைய இடி இருபது நிமிடத்தோடு பேராதனைப் பக்கம் போய்விட்டது என்பதையும் நான் அறியவில்லை. பெட்டியிலிருந்து அந்தப் பலகையை, எல்லாப் பாகங்களும் பற்றவைத்த அந்த அகலமான பச்சைப் பலகையைத் தூக்கி எடுக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையையும் அடியில் கொடுத்துப் பிடித்தேன்.

மாமி மெயினை ஏற்றினார்.

அதை வலி என்று சொல்ல முடியாது. வலி பிறகு வந்தது. முதலில் வந்தது பிடி. என் விரல்கள் அந்தப் பலகையை இறுக்கிக்கொண்டன, நான் விடச் சொன்னேன், அவை கேட்கவில்லை. டோர்ச் வாயிலிருந்து விழுந்தது. பல் பூட்டிக்கொண்டதால் கத்த முடியவில்லை. தலைக்கு மேல் பல்ப் அழகாக எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி, மாமி மெயினைப் போட்டுவிட்டார், மாமி மெயினைப் போட்டுவிட்டார் என்று மட்டும் நினைத்தேன். சாகும்போது சொல்ல வேண்டிய கலிமாகூட ஞாபகம் வரவில்லை. மனைவியும் ஞாபகம் வரவில்லை. கால்கள் மட்டும் என்னுடையவையாக இருந்தன போலும், பலகைத் தடுப்பைத் தடதடவென்று உதைத்தன.

பிறகு விட்டது. பின்னால் சரிந்து படிக்கட்டில் தலை அடித்தது. கதவு திறந்தது. மாமி நின்றார், முந்தானை ஒரு பக்கம் கிடந்தது, வலது கை முழங்கைவரை ஒட்டடையும் தூசியுமாக இருந்தது. "யா அல்லாஹ், மகன், பேசுங்க, பேசுங்க" என்று என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஹோலின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தத் தூசிக் கையையும் இந்த விளக்கையும் நான் கண்ணால் கண்டேன் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து நெஞ்சைப் பார்த்தார்கள். இரண்டு கையிலும் விரல்கள் வெந்திருந்தன. வீடு திரும்பியபோது மனைவியின் நானா, அதாவது அவளுடைய அண்ணன், என் மச்சான், ஹோலில் காத்திருந்தார். டவுனில் சாமான் கடை வைத்திருப்பவர். அந்த வீட்டைக் கட்டும்போது கூடவே நின்றவர் என்பதால் அதற்கு நீதிபதியும் அவர்தான்.

"டிரிப் சுவிட்ச் ஈந்ததால தப்பினீங்க" என்றார். ஆளுக்குக் கரண்ட் அடித்தால் தானாக விழுந்து வீட்டுக் கரண்டை நிறுத்தும் என்று அதை வாங்கிப் பூட்டியவரும் அவர்தான். பிறகு மாமியின் பக்கம் திரும்பினார். "ஏன் உம்மா, ஆள் உள்ளுக்கு வேல செய்றாரு, பாக்காம மெயினப் போட்டீங்களா? மவுத்தாகி ஈந்தா என்ன செய்ற?"

மாமி என்னைப் பார்த்தார். நான் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தேன்.

"எனக்கு நெனவில்லாமப் போச்சு மகன்" என்றார் மாமி.

மனைவியும் ஏசினாள். உம்மாவை அவள் அப்படி ஏசி நான் கேட்டதில்லை. நான் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் எனக்கு மட்டும் தெரிந்த விடயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, பிளக்கைக் கழற்றாதது நான். மற்றது, டிரிப் சுவிட்ச் என்னைக் காப்பாற்றியிருக்க வழியே இல்லை. கரண்ட் நிலத்துக்கு ஓடினால்தான் அது விழும். நான் ரப்பர் செருப்போடு, நிலத்தில் போட்ட பலகைமேல் இருந்தேன், இரண்டு கையும் ஒரே பெட்டிக்குள். ஒன்றில் ஏறியது மற்றதில் இறங்கியது. டிரிப் சுவிட்ச் என்னையும் ஒரு பல்ப் என்றே நினைத்திருக்கும். அப்படியானால் என்னை விடுவித்தது எது? அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. பிளக் அலுமாரிக்குப் பின்னால் கழன்று கிடந்ததைப் பிறகு கண்டேன். யாரோ பின்னர் கழற்றியிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவது வசதியாக இருந்தது.

மச்சான் மெயின் சுவிட்ச்சின் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டுப் போட்டார். திறப்பை என்னிடம் தந்தார். "இனி இது ஒங்கட பொறுப்பு. உம்மா அதுல கை வெக்கப்படாது."

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்கு மரியாதை வந்தது. என் கதவைத் தட்டிவிட்டுத்தான் தேநீர் கொண்டுவந்தார்கள். சாப்பாட்டில் முதல் துண்டு மீன் எனக்கு. பத்து வருடமாகக் கிடைக்காத இடம் ஒரு பொய்யால் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்த பிறகு எழும்பவும் வழியில்லை. முதல் நாள் சொல்லாததை ஒரு வாரம் கழித்து எப்படிச் சொல்வது? ஒரு மாதம் கழித்து? படிக்கட்டுக்குக் கீழே அடைபட்டுக் கிடந்தது ஒரு பின்னேரம். இதில் இரண்டு வருடம் கிடந்தேன்.

இடி முழங்கும் நாட்களில் மாமி கண்ணாடியை மூடிவிட்டு என் கதவோரம் வந்து நிற்பார். "மகன், மெயின் கொஞ்சம்..." என்று இழுப்பார். தன் வீட்டு விளக்கை அணைக்க என்னிடம் கேட்டு நிற்பார். நான் திறப்போடு எழும்பிப் போவேன். ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் மெயினை மட்டும் இறக்கிவிட்டுத் திரும்பி வருவேன்.

போன ஏப்ரலில் ஒரு பின்னேரம் உதிரிப்பாகம் வாங்கக் கண்டி டவுனுக்குப் போயிருந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஏறும்போது வானம் கறுத்தது. தென்னக்கும்புற பாலத்தில் வாகனங்கள் நின்றுபோயின. பஸ்ஸுக்குள் நெருக்கம், கண்ணாடியெல்லாம் மூடி, மழை. மகாவலிக்கு மேல் மின்னல் வெட்டியபோதுதான் கால்சட்டைப் பைக்குள் திறப்பு தொடையில் குத்துவதை உணர்ந்தேன். மனைவி பேராதனையில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் மாமி தனியே. ஃபோன் எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. இடி நேரத்தில் அவர் ஃபோனைத் தொட மாட்டார். இறங்கி ஓடலாம் என்றால் கொண்டக்டர் கதவைத் திறக்கவில்லை. "பாலத்தில இறங்க ஏலாது" என்றார். முக்கால் மணித்தியாலம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குள் ஓடியபோது ஹோல் இருட்டாக இருந்தது. மாமி நிலத்தில், அலுமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி வீட்டின் வயர்கள் எல்லாம் கிடந்தன. ஃப்ரிட்ஜ், டீவி, ஃபேன், என்னுடையது. மெயினைத் தொட முடியாததால், இடி முழங்க முழங்க, வீடு முழுக்கப் போய் ஒவ்வொன்றாகக் கையாலேயே இழுத்திருக்கிறார். விளக்குகளையும் அணைத்திருக்கிறார். வலது கை முழங்கைவரை ஒட்டடை.

"மாமி, அலுமாரிக்குப் பின்னால உள்ளது ஒங்களுக்கு எப்பிடி எட்டிச்சு?"

பயத்தில் இருந்த மனுசி யோசிக்காமல் பதில் சொன்னார். "அண்டைக்கும் இப்பிடித்தானே இழுத்த."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கு விளங்கியது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நான் நனைந்த உடுப்போடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பிளக் சுவர்ல ஈந்தது ஒங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"மெயினப் போட்டுட்டு, கண்ணாடித் துணிய எடுக்க உள்ளுக்கு வந்துட்டன், சத்தம் கேட்டு திரும்ப மெயினுக்கு ஓடப் போனன். அவ்வளவு தூரம் ஓட ஏலுமாண்டு பயம் வந்திச்சு. ஒங்கட வயர் கண்ணுல பட்டிச்சு, கைய விட்டு இழுத்தன்." பக்கத்தில் கிடந்த வயர் ஒன்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். "வீட்டோட ஈக்குற மருமகன். பிழ ஒங்கட எண்டு செல்லி ஈந்தா ஒங்கட மச்சான் ஒங்கள என்ன பேச்சுப் பேசியிருப்பான்? நான் உம்மா. எனக்கு ஏசிட்டு மறந்துடுவானுகள்."

நான் அழுதேன். அந்த வீட்டில் நான் அழுதது அதுதான் முதல் தடவை.

அடுத்து வந்தது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மச்சான் பகல் சாப்பாட்டுக்கு வந்தார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சொன்னேன். "மச்சான், அண்டைக்கு பிளக் சுவர்லதான் ஈந்திச்சு. மெயின் ஓஃப்தானேண்டு நம்பி ரெண்டு கையையும் வெச்சன். பிழ என்ட. டிரிப் சுவிட்ச்சும் விழல்ல. மாமிதான் பிளக்க இழுத்து என்னக் காப்பாத்தின."

மச்சானின் கை சோற்றிலேயே நின்றது. "ரெண்டு வருசமா?" என்று மட்டும் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

கோபப்பட்டவர் மாமிதான். கறிக்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டார். அங்கிருந்து குரல் கேட்டது. "ரெண்டு வருசம் பொத்திப் பொத்தி வெச்சன். ஒரு பிடி சோத்துக்குள்ள போட்டு ஒடச்சிட்டாரு."

அன்று பின்னேரமே பூட்டைக் கழற்றினோம். அலுமாரியை நகர்த்த மச்சானுக்கும் எனக்கும் பத்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

மச்சான் இன்னும் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீனில் முதல் துண்டும் போய்விட்டது. இப்போது எந்தப் பெட்டியைத் திறந்தாலும், முதலில் பிளக்கைக் கழற்றி மாமியின் கையில் கொடுக்கிறேன். வியாழக்கிழமைகளில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓதுகிறார். வேலை முடிந்து பலகையைத் தட்டினால், "ரெண்டு கையும் வெளியிலயா மகன்?" என்று கேட்பார். வெளியில்தான் என்று நான் சொல்வதை அவர் எடுத்துக்கொள்வதில்லை. கதவைக் கொஞ்சமாகத் திறந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டுவேன். பார்த்த பிறகுதான் பிளக்கைத் தருவார்.